அம்மாவை எகானமியில் மொரீசியஸ் அழைத்துப் போகலாமா?

கேட்டது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஒரு தங்கச்சி. அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். அம்மாவுக்கு வயது 69. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இனிப்புநீர் உண்டு, மாத்திரையோடு இரவில் ஓர் இன்சுலின் ஊசி. முழங்கால் வலியும் உண்டு. அத்தை மகள் மொரீசியஸில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார், தைப்பூசக் காவடிக்கு வரச் சொல்லி அழைத்திருக்கிறார். அம்மா இதுவரை விமானம் ஏறியதில்லை. பிசினஸ் கிளாஸுக்கு வசதியில்லை. "இவ்வளவு தூரம் எகானமியில் அம்மாவால் உட்கார முடியுமா? அழைத்துப் போனால் பாவமா?" என்று கேட்கிறார்.

தாராளமாக அழைத்துப் போகலாம், பாவமெல்லாம் ஒன்றுமில்லை. இந்த ஊரில் 24 வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். காசிக்கு, பழனிக்கு, பேரப்பிள்ளையைப் பார்க்க மெல்பர்னுக்கு என்று எழுபது வயது தாண்டியவர்களை எத்தனையோ முறை எகானமியில் அனுப்பியிருக்கிறேன். 'உட்கார முடியவில்லை' என்று திரும்பி வந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. அவர்கள் சொன்ன குறையெல்லாம் வேறு. கால் வீங்கிவிட்டது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, கக்கூஸ் கதவைத் திறக்கத் தெரியவில்லை, காது அடைத்துக்கொண்டது. உங்கள் அம்மா உட்கார்ந்துவிடுவார். எனக்குக் கவலையே அதுதான். பக்கத்தில் ஆள் இருந்து எழுப்பாவிட்டால் இறங்குகிற வரை எழுந்திருக்கவே மாட்டார்.

என் அம்மாவை 2010-ல் இதே மொரீசியஸுக்குத்தான் அழைத்துப் போனேன். ஊருக்கே டிக்கெட் போடுகிறவன், சொந்த அம்மாவுக்குத் தப்பாகப் போட்டேன். முதல் தடவை ஏறுகிறாரே, வேடிக்கை பார்க்கட்டும் என்று சன்னலோர இருக்கையைக் கொடுத்தேன். போனது இரவு விமானம். சன்னலில் இருட்டும் இறக்கை நுனியில் மினுக்கும் ஒரு விளக்கும்தான். வழியோர இருக்கையில் நான். சாப்பிட்டேன், தூங்கிப்போனேன். விடிந்து இறங்கும் நேரத்தில் அம்மா குனிந்து செருப்பைத் தேடினார். கால் நுழையவில்லை. இரண்டு கணுக்காலிலும் எலும்பு இருக்கிற இடமே தெரியாத அளவுக்கு வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. "ஏம்மா எழுந்து நடக்கல?" என்றேன். "நீ தூங்குன, எழுப்ப மனசு வரல. தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போகணும்னு குடிக்கவும் இல்ல." கடைசியில் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு குடிநுழைவு வரிசையில் வெறுங்காலோடு நின்றார். "தோட்டத்துல நடக்காத வெறுங்காலா" என்று சிரிப்பு வேறு.

ஒரு நாளைக்கு 400, 500 மரம் என்று விடியற்காலையில் இருந்து நடந்து நடந்தே காலம் கழித்தவர்கள் இவர்கள். நடப்பது இவர்களுக்குக் கஷ்டமே இல்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்கிற கூச்சம்தான் கட்டிப்போடுகிறது. அதனால் கீழே நான் சொல்லும் எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: அம்மா கேட்காமலேயே அவருக்கு வேண்டியதை நீங்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

கால் ஏன் வீங்குகிறது? கால் ரத்தம் மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசைதான் பம்பு. நடந்தால் அது வேலை செய்யும், மடக்கிப்போட்டு உட்கார்ந்தால் வேலை செய்யாது. வெறும் வீக்கம் ஒரு நாளில் வடிந்துவிடும். அதோடு போனால் பரவாயில்லை. ஆழத்தில் இருக்கிற ரத்தக் குழாயில் ரத்தம் கட்டிக்கொண்டால், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடி பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. இரண்டு மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம், அப்போதும் 6,000 பேரில் ஒருவருக்கு என்கிற அளவுதான். விமானம் மட்டும் என்றில்லை, பேருந்து, கார், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இங்கிருந்து கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ ஏறக்குறைய 280 கிலோமீட்டர். அந்தக் காரில் உட்கார்ந்து போகிற நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் தாப்பாவிலோ தஞ்சோங் மாலிமிலோ நிறுத்தி அம்மாவை நடக்க விடுங்கள். இரவு விமானம் என்றால் முதல் நாளே கிள்ளானிலோ பந்திங்கிலோ உறவுக்காரர் வீட்டில் போய்த் தங்கிவிடுவது இன்னும் நல்லது.

விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி, பின்னால் இருக்கிற சமையல் பகுதி வரை நடத்திக் கூட்டிவாருங்கள். எழுந்திருக்க முடியாத நேரத்தில் குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களைத் தூக்குவது, பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, இப்படி முப்பது தடவை. இப்போதே வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது பழக்கிவிடுங்கள். முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை மருந்துக்கடையில் கிடைக்கும், நல்லதுதான். ஆனால் இனிப்புநீர் உள்ளவர்களில் சிலருக்குக் காலில் ரத்த ஓட்டமே குறைவாக இருக்கும், அவர்களுக்கு அந்தக் காலுறை ஆகாது. கிளினிக்கில் காலைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். அசையாமல் தூங்குவதுதான் இங்கே எதிரி.

இப்போது இருக்கைக்கு வருவோம். எகானமியில் ஓர் இருக்கையின் முதுகில் இருந்து முன் இருக்கையின் முதுகு வரை 31, 32 அங்குலம் இருக்கும். மலிவு விமானங்களில் 28, 29. அகலம் 17, 18 அங்குலம். அம்மா ஒடிசலான ஆளாக இருந்தால் இடம் போதும். எந்த வரிசை என்பதைவிட வழியோரமா இல்லையா என்பதுதான் முக்கியம். அம்மாவுக்கு வழியோரம், பக்கத்தில் நீங்கள். ஏர்பஸ் ஏ330 விமானத்தில் பெரும்பாலும் ஓரத்தில் இரண்டு, நடுவில் நான்கு, மறு ஓரத்தில் இரண்டு என்று இருக்கும். அந்த இரண்டு இருக்கை கிடைத்தால் விடாதீர்கள், அந்நியர் யாரும் நடுவில் வரமாட்டார். துபாய் வழியாகப் போகும் பெரிய விமானங்களில் மூன்று, நான்கு, மூன்று. அங்கே ஓரத்து மூன்றில் அம்மா வழியோரம், நீங்கள் நடு, சன்னலில் யாரோ ஒருவர். அந்த ஆள் கழிவறைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அம்மா எழுந்துதான் ஆக வேண்டும். எல்லாரும் இதைத் தொந்தரவு என்பார்கள், உங்களுக்கு அது உபகாரம்.

அவசரக் கதவு வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அங்கே கதவைத் திறக்கக்கூடியவரைத்தான் உட்கார வைப்பார்கள், முழங்கால் வலிக்காரருக்குத் தரமாட்டார்கள். ஆகக் கடைசி வரிசை வேண்டாம், முதுகு சாயாது, கழிவறை வரிசை தோளில் இடிக்கும். அதற்கு நாலைந்து வரிசை முன்னால் என்றால் நடைதூரமும் குறைவு, இடியும் குறைவு. இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனியாகக் காசு கேட்பார்கள். அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள். மற்ற எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள்.

எந்த வழியாகப் போவது? கோலாலம்பூரில் இருந்து மொரீசியஸ் நேர்க்கோட்டில் 5,400 கிலோமீட்டர் சொச்சம், நேரடி விமானம் ஏழு மணி நேரத்தில் போய்விடும். துபாய் வழி என்றால் முதலில் துபாய்க்கே ஏழு மணி நேரம், அங்கிருந்து கீழே இறங்கி இன்னும் ஆறரை மணி நேரம், நடுவில் காத்திருப்பு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. நேரடி விமானம் எல்லா நாளும் இருப்பதில்லை, சில பருவங்களில் விடுவார்கள், சில பருவங்களில் எடுத்துவிடுவார்கள். உங்கள் தேதிக்கு இருந்தால் ஆளுக்கு ஐந்நூறு அறுநூறு வெள்ளி (ரிங்கிட்) கூட ஆனாலும் அதிலேயே போங்கள். பிசினஸ் கிளாஸ் கிடைக்கவில்லையே என்று வருத்தப்படுவதற்குப் பதில் இந்த வித்தியாசத்தைக் கட்டுங்கள், அம்மாவின் முழங்காலுக்கு ஆறரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம். துபாய் வழிதான் கிடைக்கிறது என்றால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பதிவு எண்ணில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. மலிவாக இருக்கிறது என்று இரண்டைத் தனித்தனியாக வாங்கினால் பொறுப்பு உங்கள் தலையில். நடுவில் மூன்றில் இருந்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் அம்மாவை இழுத்துக்கொண்டு ஓட முடியாது.

அடுத்தது சாப்பாடு, இதில் நானே ஒருவருக்குப் பாவம் செய்திருக்கிறேன். காவடிக்குப் போகிறவர் என்றால் அம்மா விரதத்தில் இருப்பார். பல வருடத்துக்கு முன் விரதம் இருந்த ஒரு பாட்டிக்கு டிக்கெட் போட்டேன். சாப்பாட்டுப் பட்டியலில் 'இந்து உணவு' என்று இருந்தது. நம்ம சாப்பாடுதானே என்று அதைத் தட்டிவிட்டேன். பாட்டி மூடியிருந்த தாளை உரித்திருக்கிறார், உள்ளே கோழிக் குழம்பு. ரொட்டியும் இரண்டு துண்டு பப்பாளியும் சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்ததும் என் கடைக்கு வந்து, "ஏன்யா, என் முருகனுக்கும் உனக்கும் என்ன பகை?" என்றார்.

விஷயம் இதுதான். விமானத்துறையில் 'இந்து உணவு' என்றால் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இல்லாத அசைவம். அதன் குறியீடு எச்என்எம்எல். உங்களுக்கு வேண்டியது ஏவிஎம்எல், ஆசிய சைவ உணவு. அதில் பால், தயிர் வரலாம். பாலும் ஆகாது என்றால் விஜிஎம்எல். இனிப்புநீருக்கென்று டிபிஎம்எல் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் அசைவம் வரும், இரண்டு குறியீட்டை ஒரே ஆளுக்குச் சேர்த்துப் போட முடியாது. ஏவிஎம்எல் போட்டுவிட்டு, அதில் வரும் இனிப்பைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும். இடையில் விமான மாற்றம் இருந்தால் இரண்டு பயணத்திலும் பதிவாகியிருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். தனிச் சாப்பாடு மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

சாப்பாடு உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது என்று அம்மா சொல்லத்தான் செய்வார். சமையல்காரனைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலே காற்றில் ஈரம் இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விடும், மூக்கு காய்ந்துவிடும், இயந்திர இரைச்சல் வேறு. நாக்கில் உப்பும் இனிப்பும் மந்தமாகத்தான் தெரியும். ஊறுகாய்ப் போத்தலைக் கைப்பையில் வைக்காதீர்கள், திரவக் கணக்கில் சேர்ந்து 100 மில்லிக்கு மேல் இருந்தால் எடுத்துவிடுவார்கள். சம்பலும் நெய்யும் அப்படித்தான். பருப்புப்பொடி, முறுக்கு பிரச்சினையில்லை.

இன்னொன்று, வயிறு. விமானத்துக்குள் இருக்கிற காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. 6,000 அடியில் இருந்து 8,000 அடி உயரத்தில் இருப்பது மாதிரி வைத்திருப்பார்கள். கெந்திங் மலை உச்சி ஏறத்தாழ 6,000 அடி. ஆக அம்மா கெந்திங்கிலோ அதற்கு மேலேயோ ஏழு மணி நேரம் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கெந்திங் ஏறும்போது மிக்சர் பாக்கெட் உப்பிப்போய் நிற்குமே, வயிற்றில் இருக்கிற வாயுவும் அப்படித்தான், மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அதனால் கிளம்புகிற நாளில் பயறு, கடலை, மொச்சை, கோஸ் எல்லாம் வேண்டாம். இட்லியும் ரசம் சோறும் போதும்.

காது அடைப்பதும் இதே கணக்குத்தான், ஆனால் ஏறும்போது இருப்பதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். இறங்க அரை மணி நேரம் இருக்கும்போது அம்மாவை எழுப்பிவிடுங்கள், தூக்கத்தில் நாம் எச்சில் விழுங்குவது குறைவு. மிட்டாய் கொடுக்கச் சொல்வார்கள். இனிப்புநீர் உள்ளவருக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கச் சொன்னாலே போதும். சளி பிடித்திருந்தால் கிளம்புவதற்கு முன் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

கழிவறையை யாரும் எழுதுவதில்லை, வயதானவர்களுக்குப் பெரிய பயமே அதுதான். கதவு உள்பக்கம் மடிகிற வகை, நடுவில் அமுக்கினால் திறக்கும். உள்ளே போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினால்தான் விளக்கு முழுதாக எரியும், அதற்கு முன் மங்கலாக இருக்கும். 'லைட்டே இல்ல' என்று திரும்பி வந்தவர்கள் எனக்குத் தெரியும். கால் கழுவ அங்கே தண்ணீர்க் குழாயும் கிடையாது, வாளியும் கிடையாது, தாள் மட்டும்தான். கைப்பையில் காலியாக ஒரு சின்னப் போத்தல் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கைகழுவும் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீர் கழுவத்தான், குடிக்க இல்லை. தண்ணீர் ஊற்றுகிற பட்டனை அமுக்கினால் 'டம்'மென்று உறிஞ்சுகிற சத்தம் வரும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பயந்துவிடுவார். முதல் தடவை விமானம் மேலே ஏறி இருக்கை வார் விளக்கு அணைந்ததும் நீங்களே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தால், அப்புறம் தானாகப் போவார். அந்த நம்பிக்கை வந்தால்தான் தண்ணீரும் குடிப்பார். சேலையை விட பஞ்சாபி சூட் வசதி. குளிரும், விமானத்தில் கொடுக்கிற போர்வை மெலிசு. தலைக்கு ஒரு துண்டு, காலுக்குக் காலுறை, ஒரு சைஸ் பெரிய சிலிப்பர்.

மருந்து விஷயத்தில் கொஞ்சமும் அசட்டை வேண்டாம். இன்சுலினும் மாத்திரைகளும் முழுவதும் கைப்பையில். கீழே போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடலாம், பெட்டி தொலைந்தால் அதுவும் போச்சு. கிளினிக்கில் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனைக்கும் உதவும், அங்கே சுங்கத்திலும் உதவும். மொரீசியஸ் நேரம் நம்மைவிட நான்கு மணி நேரம் பின்னால். இரவு ஊசியை எந்த நாளில் எந்த மணிக்குப் போடுவது என்று டாக்டரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், வானத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணாதீர்கள். சாப்பாட்டோடு போடுகிற ஊசி ஏதாவது இருந்தால் தட்டு மடியில் வந்த பிறகுதான் போட வேண்டும். விமானம் குலுங்கினால் சாப்பாட்டு வண்டியை நிறுத்திவிடுவார்கள், ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். கைக்கு எட்டுகிற இடத்தில் பிஸ்கட் இருக்கட்டும்.

குலுங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலநடுக்கோட்டைத் தாண்டிப் போகிற பாதை, மழைமேகம் கூடுகிற இடம், கொஞ்சம் ஆட்டும். தோட்டத்து ரோட்டில் லாரி போகிற மாதிரி என்று அம்மாவிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் வார் இடுப்பில் இருக்கட்டும்.

காவடிச் சாமான்களில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கற்பூரம் எந்தப் பெட்டியிலும் போகக் கூடாது. சட்டென்று தீப்பிடிக்கிற பொருள் என்பதால் கைப்பையிலும் தடை, கீழே போகும் பெட்டியிலும் தடை. தீப்பெட்டியைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வேல், அலகு போன்ற கூரான எதுவும் கைப்பையில் ஆகாது, துணியில் சுற்றிக் கீழே போகும் பெட்டியில் வையுங்கள். பவர்பேங்க் நேர்மாறாக, கைப்பையில் மட்டும்தான். அப்புறம் கரும்பு. பொங்கல் முடிந்த கையோடு போகிறவர்கள் ஆசையாக ஒரு துண்டு எடுத்துப்போவார்கள். மொரீசியஸ் கரும்பால் வாழ்ந்த தீவு, வெளியில் இருந்து கரும்பின் ஒரு துண்டுகூட உள்ளே விடமாட்டார்கள். செடி, கன்று, எலுமிச்சை, வெற்றிலை எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பார்கள். கறிவேப்பிலைக் கன்றைச் சேலைக்குள் சுற்றி எடுத்துப்போகலாம் என்று அம்மா யோசனை சொன்னால், வேண்டாம்.

கேஎல்ஐஏவில் சக்கர நாற்காலி கேளுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு அங்கே நடக்க வேண்டிய தூரம் அநியாயம். விமான நிலையத்துக்குள் ஓடுகிற ஏரோடிரெயின் ரயில் 2023-ல் நின்றுபோய், 2025 ஜூலையில் மறுபடியும் ஓடத் தொடங்கியிருக்கிறது, ஆனாலும் அதுவரை போகவும் அதிலிருந்து வாசல் வரை போகவும் நடை இருக்கிறது. டிக்கெட் போடும்போதே, அல்லது 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லிவிட்டால் பெரும்பாலும் இலவசம்தான். படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லுங்கள், அதற்கென்று தனி வகை இருக்கிறது. "எனக்கென்ன காலா இல்ல?" என்று அம்மா மறுப்பார். நான் ஒரு பொய் சொல்வேன், அதையே நீங்களும் சொல்லலாம்: "அம்மா, சக்கர நாற்காலி இருந்தால்தான் எனக்கும் வரிசையில் நிற்காமல் போக விடுவார்கள்." மகளுக்காக என்றால் உட்கார்ந்துவிடுவார். பாதிப் பொய்தான், கூட வருகிறவரையும் பெரும்பாலும் அதே வழியில் விட்டுவிடுகிறார்கள்.

கடப்பிதழ் இன்னும் எடுக்கவில்லை என்றால் ஈப்போவில் எடுக்கலாம், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டணம் பாதிதான், 100 வெள்ளி. மொரீசியஸ் போவதற்கு முன் இணையத்தில் ஒரு வருகைப் படிவம் நிரப்ப வேண்டும்; கைப்பேசியில் வைத்துக்கொண்டாலும் தாளிலும் ஒன்று அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூச நேரம் அங்கே புயல் பருவம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள், அந்த வருடக் காவடி அதற்குப் பத்து நாள் கழித்து. ஆகையால் காவடிக்கு முதல் நாள் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். நான்கைந்து நாள் முன்னதாகப் போங்கள், பயணக் காப்புறுதி எடுங்கள், அம்மாவின் மருந்து ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

போய் இறங்கியதும் அம்மா ஆச்சரியப்படப் போகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணம் மாற்றியதும் ஒரு நோட்டைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும். காவடிக்கு நாடு முழுக்க விடுமுறை. ஆனால் வீட்டில் போய் உட்கார்ந்தால் எல்லாரும் கிரியோல் என்கிற அந்த ஊர் மொழியில்தான் பேசுவார்கள். கோயிலில் தேவாரம் பாடுகிறவருக்கே வீட்டில் தமிழ் வராது. நம் ஆட்கள் பால்மரத்துக்கு வந்த மாதிரி அவர்கள் கரும்புக்குப் போனவர்கள், நமக்கும் முன்னால், 1834-க்குப் பிறகு கப்பல் கப்பலாக. போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் இன்னும் இருக்கிறது. கரையேறிய 16 கற்படிகள் அப்படியே இருக்கின்றன. முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கூட்டிப்போங்கள். என் அம்மா அந்தப் படியில் உட்கார்ந்து, "இவங்களுக்கும் கங்காணி இருந்தானா?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது கிழக்கே பறப்பதால் நான்கு மணி நேரம் பறிபோகும், இரவு விமானமாக இருந்தால் தூக்கம் பாதியாகிவிடும். வந்ததும் வேலைக்குப் போகிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள். 2010 பயணத்தில் திரும்பும்போது அம்மாவை வழியோரத்தில் உட்கார வைத்தேன், கைப்பேசியில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதிர்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு தடவை நான் எழுப்பினேன். மூன்றாவது தடவை அலாரம் அதிர்ந்ததுகூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறேன். தோளில் யாரோ தட்டினார்கள். பார்த்தால் பின்பக்கம் போய்விட்டு வந்த அம்மா, இரண்டு கையிலும் இரண்டு காகிதக் குவளையோடு வழியில் நிற்கிறார். ஒன்றை என்னிடம் நீட்டினார். "குடி. மணி ஆயிருச்சு, நீயும் எந்திரிச்சு ஒரு நடை போயிட்டு வா."